புகையும் மெய்யியலும்

நுழையுமுன்

மெய்யியல் என்பது முதியோருக்கும் துறவியருக்கும் மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் உண்ணும் சோறு, பருகும் நீர், உயிர்க்கும் காற்று ஆகியவற்றைப் பற்றி ஒழுங்காக வினவத் தொடங்கும்போதே மெய்யியல் தொடங்கிவிடுகிறது. தில்லியில் வாழும் நாம் ஆண்டுதோறும் காணும் ஒரு காட்சியைக் கொண்டு, ஒரு சிக்கலை முழுமையாக நோக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

வகுப்பில் எழுந்த வினா

அது ஒரு நவம்பர் மாதக் காலை. பள்ளித் திடலின் மறுகோடியில் உள்ள கொடிக்கம்பம் கண்ணுக்குப் புலப்படவில்லை. விளையாட்டு வகுப்பு நிறுத்தப்பட்டதால், மாணவர்கள் முன்னதாகவே தமிழ் வகுப்பிற்கு வந்து அமர்ந்திருந்தனர். மாணவன் ஒருவனின் கண்கள் சிவந்திருந்தன. "இரவு முழுவதும் தங்கைக்கு மூச்சுத்திணறல், ஐயா. அம்மா உறங்கவே இல்லை" என்றான். சற்று நேரம் கழித்து, "எல்லாவற்றிற்கும் பஞ்சாப் உழவர்கள்தாம் காரணம். வயலுக்குத் தீ வைப்பவர்களைச் சிறையில் அடைக்க வேண்டும்" என்று சினத்துடன் கூறினான்.

பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "கட்டட வேலையால் தூசி எழுகிறது என்று கூறி வேலையை நிறுத்திவிட்டார்கள். என் அப்பாவுக்கு ஒரு வாரமாகக் கூலி இல்லை. அப்படியானால் என் அப்பாவும் குற்றவாளியா, ஐயா?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியானது. உழவர்களே காரணம் என்றுதான் அதுவரை நானும் எண்ணியிருந்தேன். அம்மாணவியின் வினாவிற்கு என்னிடம் உடனே கூறத்தக்க விடை இல்லை. ஆகவே, அன்று நடத்தவிருந்த இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கரும்பலகையில் மூன்று வினாக்களை எழுதினேன்.

1. இதை நாம் எவ்வாறு அறிந்தோம்?
2. இது எவற்றைச் சார்ந்து நிகழ்கிறது?
3. இதில் நம் இடம் யாது?

இம்மூன்று வினாக்களும் புதியன அல்ல. பல நூற்றாண்டுகளாக மெய்யியலார் கேட்டுவரும் வினாக்களே இவை. 'மெய்' என்பதற்கு உண்மை என்பது பொருள். உண்மையை நாடும் இயல் மெய்யியல். கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில் வாழ்ந்த சாக்ரடீசு நூல் எதுவும் எழுதவில்லை. கடைத்தெருவில் சந்தித்தவர்களிடம் வினாக்களைத் தொடுத்தே அவர் மெய்யியலை வளர்த்தார். நாமும் நம் வகுப்பறையில் இருந்தே தொடங்கலாம்.

எவ்வாறு அறிந்தோம்?

அறிவைப் பெறும் வழிகளை நம் முன்னோர் 'அளவைகள்' என்றனர். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் இருபத்தேழாம் காதை இவ்வளவைகளை விரித்துரைக்கிறது. அவற்றுள் காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றும் நமக்கு இங்குப் போதும். புலன்களால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் கூற்றால் அறிவது உரை.

உழவர்களே காரணம் என்று கூறிய மாணவனிடம், "நீ இதைக் கண்டாயா, கருதினாயா, கேட்டாயா?" என்று வினவினேன். அவன் தயங்கி, "தொலைக்காட்சியில் கேட்டேன், ஐயா" என்றான். கேட்டதனாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. பஞ்சாபிலும் அரியானாவிலும் வயல்கள் எரிவதும், வடமேற்கிலிருந்து வீசும் காற்று அப்புகையைத் தில்லிக்குக் கொண்டுவருவதும் உண்மையே. எனினும், அது முழு உண்மையா என்பதை ஆராய வேண்டும்.

இங்கே கருதல் அளவை நமக்குத் துணைநிற்கிறது. தாள் எரிப்பு பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிகழ்வது. கோதுமை விதைப்பு முடிந்தபின் எரிப்பதற்கு வயலில் தாள் இராது. ஆனால், டிசம்பரிலும் ஜனவரியிலும் தில்லியின் காற்று பல நாள்கள் மாசுற்றே இருக்கிறது. இதிலிருந்து நாம் என்ன முடிவுக்கு வரலாம்? தாள் எரிப்பு ஒரு காரணமே. அதுவே முழுக் காரணம் அன்று.

புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது இந்திய அளவையியலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. தில்லியின் புகை நமக்கு மேலும் ஒன்றைக் கற்பிக்கிறது. புகை ஒன்றாகத் தோன்றினாலும் நெருப்புகள் பலவாக இருக்கலாம். வண்டிகள், தொழிற்சாலைகள், அனல்மின் நிலையங்கள், கட்டடத் தூசி, குப்பை எரிப்பு, குளிர்காய மூட்டும் தீ ஆகிய அனைத்தும் அப்புகையில் கலந்துள்ளன.

தெரிந்து தெளிவோம்

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. இது தலைமயிர் ஒன்றின் விட்டத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஆகையால், இத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடுகின்றன. குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருப்பதுண்டு. அந்த வெப்பக் காற்று பானைக்கு மூடிபோல் அமைந்து, கீழுள்ள புகையை மேலே செல்லவிடாமல் தடுக்கிறது. சென்னைக்குக் கடற்காற்றின் துணை உண்டு. கடலுக்கு வெகுதொலைவில் உள்ள தில்லிக்கு அத்துணை இல்லை.

எவற்றைச் சார்ந்து நிகழ்கிறது?

எப்பொருளும் தனித்துத் தோன்றுவதில்லை; ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றுகிறது என்பது புத்தரின் போதனைகளுள் தலையாயது. மணிமேகலையின் இறுதிக் காதை இதனைப் பன்னிரு சார்புகளாக விளக்குகிறது. இந்த நோக்கில், "உழவர் ஏன் தாளை எரிக்கிறார்?" என்று கேட்போம்.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் தாத்தா பாட்டி வீட்டில் வைக்கோல்போரைக் கண்ட மாணவர்கள் உடனே, "மாட்டுக்குப் போடலாமே!" என்பர். நல்ல வினாதான். கையால் அறுக்கும்போது தாள் அடியோடு அறுபடும். வைக்கோல் கட்டுக்கட்டாக வீடு வந்து சேரும். பஞ்சாபிலோ பெரும்பாலும் பெரிய இயந்திரங்களே அறுவடை செய்கின்றன. அவை கதிரைக் கொய்து, தாளை நின்றபடியும் சிதறியபடியும் விட்டுச்செல்கின்றன. அதைத் திரட்ட ஆளும் பணமும் வேண்டும். மேலும், அங்குள்ள மாடுகளுக்குக் கோதுமை வைக்கோலே முதன்மைத் தீவனம்.

தீவனத்திற்கு ஆகாவிடினும் தாள் தானே மக்கும்வரை காத்திருக்கலாமே எனில், அதற்குக் காலம் இல்லை. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பெரும்பாலும் இருபது நாள் அளவே உள்ளது. அக்காலம் ஏன் அவ்வளவு குறுகியது? இங்கேதான் வியப்புக்குரிய ஒரு செய்தி உள்ளது. கடுங்கோடையில் நெல் நட்டால் நிலத்தடி நீர் பெருமளவு செலவாகிறது. அதைத் தடுக்க, 2009ஆம் ஆண்டில் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நெல் நடவு கூடாது என அச்சட்டம் விதித்தது. அரியானாவும் அதே ஆண்டில் இத்தகைய சட்டத்தை இயற்றியது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. விதைப்புக்கு முன் கிடைத்த இடைவெளி சுருங்கியது. எரிப்பும், காற்று ஓய்ந்து குளிர் தொடங்கும் நாள்களோடு சேர்ந்துகொண்டது. நீரைக் காக்க எடுத்த நல்ல முயற்சி, காற்றைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று.

இன்னும் பின்னே செல்வோம். நெல், பஞ்சாபின் மரபுவழி முதன்மைப் பயிர் அன்று. 1960களின் நடுவில் மழை பொய்த்து நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்தது. அமெரிக்கக் கோதுமையைக் கப்பல்களில் வரவழைத்து உண்ட காலம் அது. அந்நிலையை மாற்றப் பசுமைப் புரட்சி தொடங்கியது. அதில் அமைச்சர் சி. சுப்பிரமணியம், அறிவியலறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆகிய தமிழர் இருவரின் பங்கு பெரிது. புதிய விதைகளும் பாசனமும் அரசின் கொள்முதல் விலையும் பஞ்சாபை நாட்டின் களஞ்சியமாக்கின. கோதுமையைத் தொடர்ந்து நெல்லும் அங்கே பரவியது.

கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன் அவ்வெற்றியில் மயங்கிவிடவில்லை. 1968ஆம் ஆண்டு வாரணாசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைப் பேணாமலும் நிலத்தடி நீரை வரைமுறையின்றி இறைத்தும் செய்யும் வேளாண்மை தீங்கில் முடியும் என அவர் எச்சரித்தார். விளைச்சலைப் பெருக்கியவரே அதன் விளைவையும் எண்ணிப் பார்த்தார். இதுவே முழுமை நோக்கு.

நம் இடம் யாது?

பஞ்சாப் மக்கள் பெரிதும் உண்பது கோதுமை. அங்கு விளையும் நெல்லின் பெரும்பகுதியை அரசு கொள்முதல் செய்து, நியாயவிலைக் கடைகள் வழியாகப் பல மாநிலங்களுக்கு வழங்குகிறது. ஆகவே, அந்த வயலில் நிற்கும் தாளுக்கும் நாட்டில் சோறு உண்ணும் கோடிக்கணக்கானோர்க்கும் தொடர்பு உண்டு. நாம் ஏறிச்செல்லும் வண்டியும், எரியவிடும் விளக்கும், குடியிருக்கும் வீடும் இப்புகையோடு தொடர்புடையனவே. உழவரை நோக்கி நீண்ட சுட்டுவிரல், அரசின் கொள்கை, சந்தை, நகரம் எனப் பயணம் செய்து நம் உணவுத் தட்டுக்கே திரும்பிவந்துவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாரும் தொடர்புடையவர் என்பதனால் எவருக்கும் பொறுப்பில்லை என்று கொள்ளலாகாது. அனைவரின் பொறுப்பும் ஒரே அளவினது என்றும் கூறலாகாது. தாள் நிற்கும் வயலில் எரிக்காமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் உள்ளன. அவற்றைச் சிறு உழவரால் தனித்து வாங்க இயலாது. அங்கே உதவ வேண்டியது அரசு. புகை வடிகட்டியை முறையாக இயக்க வேண்டியவர் ஆலை உரிமையாளர். தூசியைக் காரணம் காட்டிக் கட்டட வேலையை நிறுத்தும்போது, அன்றாடக் கூலி பெறுவோரின் வீட்டு அடுப்பையும் எண்ணிப் பார்ப்பது ஆட்சியாளர் கடமை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று மருத்துவருக்கு அறிவுறுத்துகிறது. முழுமை நோக்கு, ஒவ்வொருவர்க்கும் உரிய பணியைப் பிரித்துக் காட்டுவது.

பின்வரிசை மாணவியின் வினாவிற்கு அன்று வகுப்பே சேர்ந்து விடை கண்டது. அவள் தந்தையின் வேலையில் தூசி எழுவது உண்மை. வேலையிடத்தில் தண்ணீர் தெளிக்கவும் மணலை மூடிவைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டியவர் கட்டட உரிமையாளரே. செங்கல் சுமப்பவர் அல்லர். அவள் அமர்ந்தபோது முகத்தில் இறுக்கம் குறைந்திருந்தது.

மாலையில் அம்மாணவன் என்னிடம் வந்து, "இவ்வளவு தெரிந்தும் என் தங்கைக்கு மூச்சுத்திணறல் நிற்கவில்லையே, ஐயா!" என்றான். உண்மைதான். சிந்தித்ததனால் அன்று காற்று தூய்மையாகிவிடவில்லை. "ஆனால், தவறான ஒருவர்மேல் சினம் கொண்டால் சரியான இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்க மறந்துவிடுவோம் அல்லவா?" என்றேன். அவன் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அப்படியானால் யாரிடம் எதைக் கேட்பது என்று ஒரு பட்டியல் எழுதட்டுமா, ஐயா?" என்று கேட்டான். மறுநாள் அவன் கொண்டுவந்த பட்டியலில் ஏழு வரிகள் இருந்தன. ஏழாம் வரி, 'நான்' என்பது.

இம்மூன்று வினாக்களும் புகைக்கு மட்டும் உரியன அல்ல. நண்பன் பேசாமல் போனாலும், தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும், வீட்டில் அம்மா காரணமின்றிச் சினந்ததாகத் தோன்றினாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். விடை எளிதில் கிடைக்காமல் போகலாம். எனினும், ஒருவர்மேல் பழி சுமத்தும் முன் ஒரு நொடி நிற்பதற்கு அவை உதவும்.

சொல்லும் பொருளும்

அளவை – அறிவைப் பெறும் வழி
உய்த்துணர்தல் – கண்டதைக் கொண்டு காணாததை அறிதல்
காதை – காப்பியத்தின் உட்பிரிவு
தாள் – நெற்பயிரின் தண்டு
களஞ்சியம் – தானியம் சேமித்து வைக்கும் இடம்
கொள்முதல் – விலைக்கு வாங்குதல்

சிந்தித்து விடை எழுதுக

1. காண்டல், கருதல், உரை ஆகியவற்றுக்கு உம் வீட்டிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.
2. தாள் எரிப்பு மட்டுமே காற்று மாசுக்குக் காரணம் அன்று என்பதை எவ்வாறு உய்த்துணரலாம்?
3. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் விளைந்த நன்மை யாது? எதிர்பாராத விளைவு யாது?
4. 'எல்லாரும் தொடர்புடையவர், ஆகவே எவரும் பொறுப்பாளர் அல்லர்' என்னும் கூற்றை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் கூறுக.

செயல்பாடு

இன்று உம் வீட்டில் சமைத்த உணவுப்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கு விளைந்தது, யார் கைகளைக் கடந்து உம் வீட்டை அடைந்தது என்பதைப் பெற்றோரிடமும் கடைக்காரரிடமும் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுங்கள். நீங்கள் எழுதியவற்றுள் கண்டவை எவை, கருதியவை எவை, கேட்டவை எவை என்று அருகில் குறியுங்கள்.