பஞ்சும் மூச்சும் – 11: கட்டுரைக்கு யார் பொறுப்பு?

பஞ்சுத் தூசியால் திங்கட்கிழமை நெஞ்சை அடைக்கும் பிசினோசிஸ் நோய் பற்றிச் சென்ற வாரம் எழுதியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் அந்த மாதிரி நோய்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் டாக்டர்களிடம் போவோம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. அங்கும் மருத்துவ ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணைய விதிகளின் நிபந்தனை. புறநோயாளிகள் வரிசையை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் டாக்டருக்கு சாட்ஜிபிடி கைகொடுத்தால் அதில் பாவம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. 2024இல் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தொகுப்பில் வந்த கட்டுரைச் சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் இப்படி எந்திரத்தின் கைபட்டவை என்று ஆய்வாளர் டிமிட்ரி கோபாக் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை பேரையும் திருடர் என்று சொல்ல முடியுமா?

ஆனால் எந்திரம் எழுதிய வரியைக் கூர்ந்து படிக்காமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அற்புதமான சாட்சி கிடைத்திருக்கிறது. அதை அவசரமாகச் சொல்ல மனசு வரவில்லை. 1959இல் 'பாக்டீரியாலஜிக்கல் ரெவ்யூஸ்' இதழில் பாக்டீரியாவின் செல் சுவர் பற்றி ஒரு கட்டுரை, இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தது. பின்னாளில் அதைக் கணினிக்குள் ஏற்றியபோது, இடது பத்தியின் 'வெஜிடேட்டிவ்' வலது பத்தியின் 'எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி'யோடு ஒட்டிக்கொண்டது. உலகில் இல்லாத ஒரு நுண்ணோக்கி பிறந்தது. பாரசீக எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் இதே தொடர் வந்துவிடுமாம். எந்திரங்கள் இதைக் கற்றுக்கொண்டன. 20க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் அது எட்டிப்பார்த்தது. எழுதியவர், சரிபார்த்த நிபுணர், பதிப்பாசிரியர் எல்லார் கண்ணையும் தாண்டித்தான் அச்சேறியது. கண்டுபிடித்தவர்கள் வெளியிலிருந்து துருவிய சில பேர். மேற்கோள் விவகாரம் இன்னும் மோசம். சாட்ஜிபிடி மருத்துவக் கட்டுரைகளுக்குத் தந்த 115 மேற்கோள்களை 2023இல் சோதித்தபோது 47 சதவீதம் முழுக் கற்பனை; உண்மையாகவும் பிழையில்லாமலும் இருந்தவை 7 சதவீதம்தான்.

"அப்படியானால் எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை வைத்து வடிகட்டலாமே" என்பார்கள். கூடாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியதாக அவை அடித்துச் சொல்லின. தமிழ் வழியில் படித்து வந்த டாக்டர்தான் முதலில் மாட்டுவார். "எந்திரத்தைப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி எழுதினால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அந்த வரி தேவை. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2023 மே மாதமே அதைக் கேட்டுவிட்டது, எந்திரத்தை ஆசிரியராகப் போடக் கூடாது என்றும் சொன்னது. காரணம் திருப்பூருக்குப் புரியும். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்குக்குப் போய்வரலாம். சாயம் போனால் பையர் பிடிப்பது எக்ஸ்போர்ட்டர் கழுத்தைத்தான். கட்டுரைக்கும் பொறுப்பு பெயர் போட்ட ஆசிரியருக்கே.

ஆகவே கட்டுரைகளைப் பரிசீலிக்கும் கல்லூரிக் குழுக்கள் கேட்க வேண்டியது தரவுத் தாள்களை. பஞ்சுத் தூசி ஆய்வு என்றால், கார்டிங் பிரிவில் நிற்கும் தொழிலாளி திங்கள் காலை ஷிப்ட் ஏறுமுன் ஸ்பைரோமீட்டரில் ஊதிய அளவு, ஷிப்ட் இறங்கியதும் ஊதிய அளவு, எடுத்தவர் கையெழுத்து, தேதி. இந்தத் தாள் இருந்தால் அதைப் பற்றிய ஆங்கிலத்தை எது திருத்தினால் என்ன? தாளே இல்லாமல் எண்களையும் எந்திரமே உற்பத்தி செய்தால் பிடிப்பது கஷ்டம்தான். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையை எண்ணும் வரை அந்த ஆசையும் போகாது. நம் மில்களில் யார் யார் இப்படி அளந்தார்கள் என்ற விவரம் இந்த வாரம் வருவதாக இருந்தது. நுண்ணோக்கி இடத்தை அடைத்துவிட்டது, அடுத்த வாரம்.