ஆப்பிள் வராத மலைக்கு ஒரு வாழை

மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறுகிறவர்கள் குளிரைக் கண்டதும், இங்கே ஆப்பிள் வைத்தால் என்ன என்று கேட்பதுண்டு. வைக்கலாம், காய்ப்பது கஷ்டம். இலையுதிர்ந்து உறங்கும் ஆப்பிள் மொட்டு விழிக்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடக்க வேண்டும். டெலிஷியஸ் இரகத்துக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம். மாஞ்சோலையின் குளிர் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை.

இந்த நடுத்தரக் குளிருக்கென்றே தமிழ்நாட்டு மலைகளில் ஒரு பழம் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காப்பிச் செடிகளுக்கு நடுவே மழையை மட்டும் நம்பி விளையும் விருப்பாட்சி மலைவாழை. ஒருமுறை நட்டால் பக்கக்கன்றுகள் வழியே பல ஆண்டுகள் தொடர்ந்து தார் தரும்.

குளிர்நாட்டார் குளிர்கால ஆப்பிளைப் போற்றுவது அது வைத்திருந்து சாப்பிடத் தாங்கும் என்பதற்காக. மலைவாழையின் பெருமையும் அதில்தான். நன்றாகப் பழுத்தால் தோல் கறுத்துச் சுருங்கிவிடும்; பார்ப்பவர்கள் அழுகல் என்று ஒதுக்கிவிடுவார்கள். உரித்தால் உள்ளே சதை குழையாமல் இருக்கும். நீர்ச்சத்து குறைவு, இனிப்போடு லேசான புளிப்பு. சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசையும் பழனி பஞ்சாமிர்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழம் இல்லை. 2008-இல் விருப்பாட்சி, இன்னொரு மலைவாழையான சிறுமலை வாழை இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் அதற்குள் மலையின் பெரும்பகுதி காலியாகியிருந்தது. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த சாகுபடி, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. காரணம் முடிக்கொத்து நோய். வாழை அசுவினி பரப்பும் வைரஸ் இது. இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். அடுத்து வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அந்த மரம் அநேகமாகத் தார் விடாது. கன்று வெளியே நலமாகத் தெரிந்தாலும் கிழங்குக்குள் வைரஸ் இருக்கலாம். நல்ல மனதோடு பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்த கன்றே நோயையும் கொண்டுபோனது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் குருத்து நுனியிலிருந்து திசுவளர்ப்புக் கன்றுகளை எடுத்து, வைரஸ் இல்லை என்று சோதித்து உழவர்களுக்குத் தந்தார்கள். அது பெரிய காரியம். இருந்தாலும் சுத்தமான கன்று, நோய்க்குத் தப்பும் கன்று அல்ல. அசுவினி வந்தால் இதையும் பிடிக்கும். நோய் கண்ட மரத்துக்கு மருந்து கிடையாது. அசுவினியைக் கொன்றுவிட்டு, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அதையும் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை, சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் செய்தாக வேண்டும்.