நாணயம் விற்க நாணயம் வேண்டும்

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொன்ன சொல் தவறாத நேர்மை. பழைய காசுகளையும் தபால் தலைகளையும் சேகரிக்கும் எங்களுக்கு இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் நாணயத்தை விற்க விரும்புகிறவளிடம் இரண்டாவது நாணயம் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் பள்ளியின் சேகரிப்போர் குழுவில் ஆறாம் வகுப்புத் தங்கைகள் முதல் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் வரை பலர் இருக்கிறோம். பள்ளிக்கரணையும் மேடவாக்கமும் வேளச்சேரியும் பல ஊர் மக்கள் வந்து குடியேறிய இடங்கள். ஆகவே எங்கள் வகுப்பிலேயே தஞ்சாவூர்த் தாத்தாவின் செப்புக் காசும், வளைகுடா நாட்டிலிருந்து வந்த சித்தப்பாவின் திர்ஹமும், இலங்கைத் தபால் தலையும் கிடைக்கும். புதிதாகச் சேரும் தங்கைகள் முதல் மாதமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, என்னிடம் உள்ளதை எப்போது விற்கலாம்?" அவர்களுக்கும், அவர்களைப் பெற்றோருக்கும் பயன்படுமாறு விற்பனை விதிகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே விளக்குகிறோம்.

முதலில் வாங்கு, பிறகு விற்பாய்

உலகின் முதல் ஒட்டும் தபால் தலையான 'பென்னி பிளாக்' 1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. நம் நாட்டில் 1852-இல் சிந்து மாகாணத்தில் 'சிந்து டாக்' வெளியாயிற்று. தபால் தலை தோன்றிய சில ஆண்டுகளிலேயே சேகரிப்போரும் தோன்றினர். சேகரிப்போர் கூடியதும் சங்கங்கள் ஏற்பட்டன. சென்னையில் தென்னிந்தியத் தபால் தலை சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இருந்து வருகிறது. காசு சேகரிப்போருக்குச் சென்னை நாணயவியல் சங்கம் உண்டு.

இத்தகைய வட்டங்களில் புதியவர் சேர்ந்த அன்றே கடை விரிப்பதை யாரும் விரும்புவதில்லை. சில காலம் பழக வேண்டும்; கூட்டங்களுக்கு வர வேண்டும்; நாலு பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். இது புதியவரை ஒதுக்குவதற்காக அன்று. வாங்கிப் பழகியவளுக்குத்தான் வாங்குபவரின் மனம் புரியும். எதைக் கேட்பார்கள், எதைக் கண்டு ஏமாறுவார்கள், எது மறைக்கப்பட்டால் வருந்துவார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். விற்பனைக்கு வருகிற புதியவளை அறிந்த இருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பதும் எங்கள் விதி.

பொருள் யாருடையது?

இது எங்கள் குழுவில் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி. பாட்டியின் பெட்டியில் இருக்கும் வெள்ளி ரூபாய் பேத்தியின் சொத்தாகிவிடாது. அது பாட்டியின் திருமணத்தில் அவருடைய தாயார் கொடுத்த சீராக இருக்கலாம். நூறு ரூபாய்க்கும் ஐந்நூறு ரூபாய்க்கும் அது கைமாறிய பிறகு, திரும்ப வாங்க வழியே இராது. ஆகவே வீட்டிலிருந்து வந்த பொருள் எதுவாயினும் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் இன்றி விற்பனைக்கு எடுத்துக்கொள்வதில்லை. கடிதம் கேட்டதனால் பல வீடுகளில் தாத்தா பாட்டியர் அந்தக் காசின் கதையைப் பேத்திகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கதை கேட்டபின் விற்க மனம் வராமல் திரும்பிய தங்கைகளும் உண்டு.

உள்ளதை உள்ளபடி சொல்

காசின் நிலையைக் குறிக்கச் சேகரிப்போரிடையே சில ஆங்கிலச் சொற்கள் வழங்குகின்றன. புழக்கத்துக்கே வராத காசு 'அன்சர்க்குலேட்டட்'. அதற்கு அடுத்து 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'வெரி ஃபைன்', 'ஃபைன்', 'வெரி குட்', 'குட்' என்று படிப்படியாக இறங்கும். 'குட்' என்றால் நல்ல காசு என்று புதியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் உருவமும் எழுத்தும் பெரிதும் தேய்ந்துபோன காசுக்கே அந்தப் பெயர்! சொல்லின் பொருள் அறியாமல் எழுதினால், ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே ஏமாற்றியவர்களாகி விடுவோம்.

தபால் தலையில் பார்க்க வேண்டியவை வேறு. ஓரத்துப் பற்கள் எல்லாம் உள்ளனவா? பின்புறம் உரிந்து மெலிந்திருக்கிறதா? பசை இருக்கிறதா? மடிப்பு உண்டா? இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கே உரிய ஒரு குறையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே பல வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அப்போது நனைந்த ஆல்பங்களில் தபால் தலைகள் தாளோடு ஒட்டிப் பசை இழந்துவிட்டன. அவற்றை உலர்த்தி எடுத்தால் முன்பக்கம் அழகாகவே இருக்கும். எனினும் 'வெள்ளத்தில் நனைந்தது' என்று எழுதித்தான் விற்க வேண்டும்.

நீரில் கிடந்ததைச் சொல்வதால் மதிப்பு அடியோடு போய்விடுவதில்லை. சென்னை மாகாணத்துக்காக 1808-ஆம் ஆண்டிட்டு இங்கிலாந்தில் அச்சடித்த செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மணல் திட்டில் சிக்கி மூழ்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் அக்காசுகள் கடலிலிருந்து எடுக்கப்பட்டன. இன்று அவற்றை விற்பவர்கள் 'கப்பலிலிருந்து எடுத்தது' என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த வரலாற்றுக்காகவே வாங்குவோரும் உண்டு.

புளி போட்டுத் தேய்க்காதீர்!

நம் வீடுகளில் செம்பும் பித்தளையும் புளியால் தேய்த்தால்தான் பளபளக்கும். அதே பழக்கத்தில் அம்மாவோ பாட்டியோ பழைய காசையும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஐயோ, அந்தக் காசின் மதிப்பு அன்றோடு குறைந்தது! செப்பின் மேல் காலப்போக்கில் படியும் பழுப்பும் பச்சையும் அதன் வயதுக்குச் சான்று. தேய்த்தால் அதுவும் போகும். காசின் மேல் நுண்ணிய கீறலும் விழும். தேய்க்கப்பட்ட காசாயின் அதையும் சொல்லியே விற்க வேண்டும்.

வயது வேறு, விலை வேறு

பழையது என்றால் விலை அதிகம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய இராஜராஜ சோழனின் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் இன்றும் எளிய விலைக்கு வாங்கலாம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் பொறித்த 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயோ மிக அரியது. அதன் விலையை எங்களால் எட்டிப் பார்க்கவும் முடியாது. எத்தனை கிடைக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் உள்ளது ஆகிய மூன்றுமே விலையை முடிவு செய்கின்றன.

இது தெரியாதவர்களைக் குறிவைத்தே '786 எண் உள்ள நோட்டுக்கு லட்சம்', 'வைஷ்ணவி தேவி காசுக்கு லட்சம்' என்றெல்லாம் கைப்பேசியில் செய்தி பரப்புகிறார்கள். நம்பிப் பேசினால், 'முன்பணம் கட்டு, வரி கட்டு' என்பார்கள். பழைய காசு, நோட்டுகளை வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. விற்கிறவள் பணம் பெற வேண்டியவள். அவளிடமே பணம் கேட்டால் அது மோசடி என்று உடனே அறியலாம். 'அரிசியை இழுக்கும் காசு' என்று தமிழ்நாட்டில் பலரை ஏமாற்றிய கதையும் இவ்வகையே.

ஆகவே விற்பவள் விலையைத் தானே தெளிவாக எழுதி வைக்க வேண்டும். 'நீங்களே கேளுங்கள்' என்று சொல்லி, வருகிறவர் முகத்தைப் பார்த்து விலை சொல்வது கூடாது. எழுதிய விலைக்கு ஒருத்தி 'எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னபின், அடுத்தவள் அதிகம் தருகிறாள் என்று மாற்றுவதும் கூடாது.

போலியை என்ன செய்வது?

வாங்கும்போது சில எளிய சோதனைகளைச் செய்யலாம். விக்டோரியா மகாராணியின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை உள்ளது. அதாவது ஒரு தோலா. காந்தத்தில் ஒட்டாது. எடை குறைந்தாலோ காந்தம் இழுத்தாலோ ஐயுற வேண்டும். ஆனால் 1947-ஆம் ஆண்டு ரூபாயைக் காந்தம் இழுத்தால் அஞ்ச வேண்டாம். அது நிக்கலால் ஆனது. பிற ஆண்டுக் காசின் எண்ணைத் திருத்தி 1939 ஆக்கிய போலிகள் உண்டு. 1948-இல் வெளியான காந்தியடிகளின் பத்து ரூபாய்த் தபால் தலையில் 'சர்வீஸ்' என்று கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக அச்சிட்டவை 100 மட்டுமே. சாதாரணத் தலையின் மேல் அந்தச் சொல்லைப் பொய்யாக அச்சிட்டவையும் உலவுகின்றன. இத்தகைய அரிய பொருளுக்கு வல்லுநர் சான்றிதழ் இன்றி விலை பேசலாகாது.

எல்லாவற்றிலும் அதிகமாக எங்கள் கண்ணில் படுவது, '1818, கிழக்கிந்தியக் கம்பெனி' என்ற எழுத்துடன் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. எங்கள் குழுவின் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, உண்டியலில் சேர்த்த ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து இதை ஒரு தெருக்கடையில் வாங்கி வந்தாள். தாத்தாவின் பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுப்பது அவள் ஆசை. போலி என்று நாங்கள் சொன்னதும் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதை நான் வேறு யாருக்காவது விற்றுவிடலாமா?" என்று கேட்டாள்.

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் குற்றம் செய்யவில்லை. இழந்தது அவளுடைய பணம். ஆயினும், அவள் விற்றால் அதை வாங்குகிறவளும் ஒருநாள் இப்படி அழுவாள். பிறகு அவளும் வேறொருத்தியைத் தேடுவாள். "உனக்கு விற்றவருக்கும் இதை யாரோ இப்படித்தான் விற்றிருக்கலாம்" என்று மட்டும் சொன்னோம். இரண்டு நாள் கழித்து அவளே வந்து அந்தக் காசைக் குழுவுக்குக் கொடுத்தாள். இன்று அது 'போலி' என்று எழுதிய அட்டையில் ஒட்டப்பட்டு, புதிதாக வருபவர்களுக்குப் பாடம் சொல்கிறது. தெரிந்த போலி நம் கையோடு நிற்க வேண்டும் என்ற விதி அன்று முதல் எங்கள் ஏட்டில் இருக்கிறது. தாத்தாவுக்கு அவள் வேறொரு பரிசு கொடுத்தாளாம்.

கைமாறும் முறை

சங்கங்களில் நெடுங்காலமாகச் 'சுற்றுப் புத்தக' முறை ஒன்று உண்டு. விற்பவர் தம் தபால் தலைகளைச் சிறு புத்தகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதி அனுப்புவார். அது உறுப்பினர் வீடுகளுக்கு வரிசையாகச் செல்லும். வேண்டியதை எடுப்பவர், எடுத்த வெற்றிடத்தில் தம் கையொப்பத்தை இட வேண்டும். நல்லதை எடுத்துக் கெட்டதை ஒட்டிவைத்தார் என்று பிறர்மேல் பழி வராமல் காக்கும் அழகான வழி இது. நாங்களும் எங்கள் குழுவில் இதையே பின்பற்றுகிறோம்.

தூரத்தில் இருப்பவருடன் வியாபாரம் நடந்தால், பெயர் அறியப்படாத புதியவரே முதலில் பொருளை அனுப்புவது வழக்கம். நம்மை நம்புவதற்கு அவருக்குக் காரணம் வேண்டாமா? அனுப்பும்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, நீர் புகாத உறையில் இட்டு, ரசீதுடன் அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால் விரைவுத் தபாலே ஏற்றது. பொருள் பிடிக்காவிட்டால் குறித்த நாளுக்குள் திருப்பித் தரவும் இடம் கொடுக்க வேண்டும். மாணவியர் செய்யும் எந்த வியாபாரமும் பெற்றோருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். வீட்டு முகவரியைத் தெரியாதவருக்குத் தரலாகாது.

சட்டம் சொல்வது

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது காசு கிடைத்தால், அது எடுத்தவருக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். உரிமம் இன்றி அவற்றை விற்கும் தொழில் நடத்தக் கூடாது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே எங்கள் குழுவில் இத்தகைய காசுகளைப் பார்ப்போம், படிப்போம், விலைக்கு வைப்பதில்லை.

பணச் செலவின்றித் தொடங்க விரும்பும் தங்கைகளுக்கு ஒரு செய்தி. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்போருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் சேகரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் 'ஸ்பர்ஷ்' திட்டத்தையும் தபால் துறை 2017-இல் தொடங்கியது. விற்றுத்தான் பொருள் ஈட்ட வேண்டும் என்பதில்லை.

வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருளைப்போலவே பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். எங்கள் விதிகள் யாவும் அதற்குள் அடக்கம். ஒரு காசை விற்றால் சில நூறு ரூபாய் கிடைக்கும். அது அடுத்த வாரமே செலவாகிவிடும். 'அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்னும் பெயர், பள்ளியை விட்டுப் போன பின்னும் உடன் வரும். தங்கைகளே, அந்த நாணயத்தை முதலில் சேகரியுங்கள்!