விளாச்சேரிச் சிற்றில்

சென்ற புரட்டாசித் தொடக்கத்தில், நவராத்திரிக்குச் சில நாள்களே இருக்கையில், நம் சங்கத்து நெசவாளர்களும் பயிர்த்தொழில் அன்பர்களுமாகப் பதின்மர் மதுரை நகருக்குச் சென்று, பூம்புகார் விற்பனை நிலையத்தில் நடைபெற்ற கொலு பொம்மைக் கண்காட்சியைக் கண்டு வந்தோம். பூம்புகார் என்பது 1973ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடைப்பெயர் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

கொலு என்றவுடன் பெரிய தெய்வ உருவங்களே நினைவுக்கு வரும். அவை அங்கு நிறைய இருந்தன. தஞ்சாவூர்த் தலையாட்டிகளும், கொண்டபள்ளி மரப்பொம்மைகளும், சன்னபட்டணத்து அரக்கு வேலைகளும் இருந்தன. ஆயின் எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை இவையல்ல. கீழ்ப்படியில் பரப்பியிருந்த சிறு பொம்மைகளே. இரண்டங்குல உயரத்தில் ஒரு கிராமம்! ஏற்றம் இறைப்பவன், தயிர் கடைபவள், கிணற்றடி, திண்ணை, வளையற்கடை, பந்தலின்கீழ்க் கல்யாணம். பக்கத்தில் அம்பாசமுத்திரத்துக் கடைசல் மரச்சொப்புகள்: அம்மி, ஆட்டுக்கல், திரிகை, குடம் எல்லாம் உள்ளங்கையில் அடங்குவன. ஒரு தாம்பாளத்தில் கேழ்வரகு தூவி முளைக்கச் செய்து அதையே வயலாக்கியிருந்தார்கள். எம்முடன் வந்த உழவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “களை எடுக்க வேண்டியிருக்குமே” என்றார்.

மேனாட்டார் பொம்மைவீடு என்று கொண்டாடுவது இதனையே. ஜெர்மனியில் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்பார் 1557-58ஆம் ஆண்டுகளில் அத்தகைய வீடொன்று செய்வித்தார். அது பின்னர்த் தீக்கிரையாயிற்று. இங்கிலாந்தில் மேரி அரசியாருக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை மாளிகை இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு, குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், நூலகத்தில் விரல்நுனியளவுப் புத்தகங்கள். அதனை வகுத்தவர் எட்வின் லட்யன்ஸ். புது டில்லியில் இன்று குடியரசுத் தலைவர் வாழும் பெருமாளிகையை வகுத்தவரும் அவரே. அவ்வளவு பெரியதைக் கட்டியவருக்கு இவ்வளவு சிறியதும் ஒரு பொருட்டாக இருந்தது காண்க.

நமக்கோ இதற்கு மிகப் பழைய சொல்லே உண்டு: சிற்றில். சிறுமியர் மணலால் வீடு கட்டிச் சிறுசோறு சமைத்து விளையாடுவதும், சிறுவர் வந்து காலால் சிதைப்பதும் தமிழ்ப் புலவர்களுக்குத் தீராத பொருள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மதுரைக்கு அருகே கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் சுடுமண் உருவங்களும், ஆட்டக் காய்களும், அவற்றோடு நூல் நூற்கும் தக்களிக்குரிய சுடுமண் குண்டுகளும் கிடைத்தன. விளையாட்டும் நூற்பும் ஒரே மண்ணில் கலந்து கிடந்திருக்கின்றன.

நிற்க. கண்காட்சியின் ஒரு மூலையில் விளாச்சேரியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அமர்ந்து, பார்ப்போருக்காகப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு உருவங்கள் கொண்ட அவருடைய கிராமத் தொகுதியின் விலையைக் கேட்டோம். தொள்ளாயிரம் ரூபாய் என்றார். அடுத்து நாம் கேட்டதை இங்கு மறைப்பதற்கில்லை: “இத்தனை சிறிய பொம்மைக்கா?”

அவர் தூரிகையை வைக்கவில்லை. “ஐயா நெசவுக்காரங்கன்னு சொன்னீங்க. நூறாம் நம்பர் நூலுக்கு இருபதாம் நம்பர் கூலி குடுத்தா வாங்கிக்குவீங்களா?” என்றார்.

எம்மில் மூத்த நெசவாளர் உரக்கச் சிரித்துவிட்டார். எமக்குத்தான் முகம் சிறுத்தது. தொழிலைக் கற்றுத்தர இயலுமா என்று கேட்டோம். “இப்ப கைவேலை நெருக்கம். தை கழியட்டும், நானே வர்றேன்” என்றார்.

சொன்னபடியே மாசியில் வந்தார். விளாச்சேரி, கீழக்குயில்குடிக்கு அண்மையிலுள்ள ஊர். மண்பாண்டமும் பொம்மையும் செய்யும் குடும்பங்கள் தலைமுறையாக வாழுமிடம். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரும், நவராத்திரிக்குக் கொலு பொம்மையும், கார்த்திகைக்கு அகலும், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளும் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்து ஆலமர நிழலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அம்மையாரும் அவருடைய மருமகளும் ஆசிரியைகள்; நாம் பதின்மரும், ஊர்ப் பெண்கள் சிலரும், எண்ணிலடங்காச் சிறுவர்களும் மாணாக்கர்கள்.

முதல் நாள் காலை முழுதும் மண் பிசைந்ததே வேலை. கண்மாய் மண்ணைக் கல்லும் வேரும் நீக்கிச் சலித்து, ஊறவைத்து, மணல் கூட்டி மிதித்துக் கொண்டுவந்திருந்தார்கள். இருந்தும் கையால் மீண்டும் பிசைய வேண்டும். உள்ளே காற்றுப் புரை நிற்கக் கூடாது. பெரிய பொம்மையை இருபாதி அச்சில் அழுத்தி, உள்ளே கூடாக விட்டு, குழைத்த மண்ணால் ஒட்டி, அடியில் துளை வைப்பார்கள். சிறு பொம்மைக்குக் கூடு வைக்க இடமில்லை, கட்டிமண். ஆகவே ஈரம் வெளியேற அடியிலிருந்து ஊசியால் துளைக்க வேண்டும். அச்சின் பொருத்து ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவ வேண்டும். ஓரடிப் பொம்மையில் கத்தி சற்றுச் சறுக்கினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இரண்டங்குலத்தில் சறுக்கினால் மூக்கே போய்விடும். எம் முதற் பொம்மைக்கு மூக்குப் போயிற்று. இரண்டாவதற்கும் போயிற்று.

பயிர்த்தொழில் அன்பர்கள் மண்ணைப் பற்றி நிறையக் கேட்டார்கள். வயலுக்கு வண்டல் எடுப்பவரும் பொம்மைக்கு மண் எடுப்பவரும் ஒரே கண்மாயை நம்பியிருப்பவர்கள் அல்லவா? இருசாராரும் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாமென்று 2024இல் முறை எளிதாக்கப்பட்டது. முன்னர் இதற்காக அலைந்ததை அம்மையார் விரித்துரைத்தார்; எம் உழவர்களும் தம் பங்கைச் சொன்னார்கள். அப்பேச்சு உணவுவேளை வரை நீண்டது.

பிற்பகலில் மூத்த நெசவாளர் வேறொரு கேள்வியை எழுப்பினார். மரப்பாச்சிக்குக் காகிதமும் சரிகைத் துண்டும் சுற்றுகிறார்களே, மெய்யான கைத்தறிச் சேலையே நெய்து கொடுத்தாலென்ன என்பது அவர் எண்ணம். உடனே மண்தரையில் கணக்குப் போட்டார்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலை பன்னிரண்டில் ஒரு பங்கானால் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் நீளம். அகலம் ஒரு சாண்கூட இல்லை. இது எளிது. ஆனால் நூல்? நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை என்பதன் கணக்கு. ஆதலால் நூலின் தடிப்பைப் பன்னிரண்டில் ஒன்றாக்க வேண்டுமாயின் நம்பரைப் பன்னிரண்டால் பெருக்கினால் போதாது, 144ஆல் பெருக்க வேண்டும். 80ஆம் நம்பர் நூலுக்கு ஈடாகப் பொம்மைக்கு 11,520ஆம் நம்பர் நூல் வேண்டும்! அப்படியொரு நூலை எந்த ஆலையும் நூற்றதில்லை, நூற்கவும் முடியாது. சாதாரணத் துணியைச் சுற்றினாலோ பொம்மை கோணிச்சாக்கு உடுத்தியதுபோல் விறைத்து நிற்கும். சுங்குடித் துண்டொன்றைச் சுற்றிப் பார்த்தோம். புள்ளி ஒவ்வொன்றும் பொம்மையின் முகத்தளவு இருந்தது.

ஆகவே கண்ணை ஏமாற்றத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. நூறாம் நம்பர்ப் பாவைச் சற்று நெருக்கம் குறைத்து நெய்து, கஞ்சியில் நனைத்து, பொம்மையின்மேல் ஈரத்தோடு கொசுவம் பிடித்து, குண்டூசி குத்திக் காயவிட்டால் மடிப்பு நிற்கிறது. மருமகள் பெண் இதனை விரைவிலேயே பழகிக்கொண்டார். கரை மட்டும் தூரிகையால் தீட்டியது. இதைக் குற்றமென்று நம் மூத்தவர் இன்னும் வாதிடுகிறார்.

இரண்டாம் நாள் இளைப்பாறும் வேளையில் மலைமேல் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள். அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. செய்வித்தவர்களின் பெயர்கள் அவற்றில் உள்ளன என்று விளக்கினோம். “செஞ்சவங்க பேரு எதுலய்யா இருக்கு?” என்று அம்மையார் கேட்டார். அவருக்கு விடை சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை. இறங்கிவிட்டோம்.

காய்ந்த பொம்மைகளை அவர் விளாச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சூளையில் அடுக்கினார். சில நாள்கள் கழித்து நாம் அங்குச் சென்றபோது, எம் கைவேலையில் தேறியவை ஏழு. எம் பசு வெடித்திருந்தது. ஊசித்துளை ஆழமில்லை என்றார். மற்றவற்றுக்கு வெள்ளைப் பூசி, உடல் நிறம், ஆடை, நகை என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்தது. கடைசியில்தான் கண். இரண்டொரு மயிரே உள்ள தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே தொடுகையில் வைக்க வேண்டும். எம் ஏற்றக்காரன் இன்றும் மாறுகண்ணனாகவே இருக்கிறான்.

அங்கே, அவர் வீட்டுத் திண்ணையில்தான் விலையின் கணக்கு எமக்கு விளங்கியது. இரண்டடிப் பொம்மையைப் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் இரண்டங்குலம். அப்போது கன அளவு 1,728இல் ஒரு பங்காகக் குறைகிறது. மண்ணும் விறகும் அதையொட்டிக் குறைகின்றன. வண்ணம் 144இல் ஒரு பங்கு. ஆனால் பிசிறு சீவுவதும், உலர்த்துவதும், ஆறேழு பூச்சுகளும், இரண்டு கண்களும் குறைவதில்லை. நேரம் சில வேலைகளில் கூடவே செய்கிறது. வாங்குபவரோ கையில் தூக்கிப் பார்த்து எடைக்கும் உயரத்துக்கும் விலை மதிக்கிறார். கண்காட்சியில் நாம் செய்ததும் அதுவே.

இதற்குமேல் ஒன்று உண்டு. பொம்மை ஆண்டு முழுதும் ஆகிறது; விற்பனை சில வாரங்களில் முடிகிறது. இடைப்பட்ட மாதங்களுக்கு வியாபாரி முன்பணம் தருகிறார். தரும்போதே விலையையும் உயரக்கணக்கில் முடித்துவிடுகிறார். பெரிய பொம்மைகளை எண்ணி எடுத்துக்கொண்டு, சிறு தொகுதிகளை ஏறக்குறைய கொசுறாகக் கேட்கிறார். புரட்டாசிக்கு முன் மழை பிடித்துக்கொண்டால், காயாத சரக்கின் நட்டம் செய்தவருடையது. ஆகவே கிராமத் தொகுதியை இவ்வாண்டோடு நிறுத்திவிடப் போவதாக அம்மையார் சொன்னார். மாமனார் காலத்து அச்சுகள் முப்பத்திரண்டு, பரண்மேல் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. மருமகள் ஒன்றும் சொல்லாமல் தயிர் கடைபவளின் கைக்கு வளையல் தீட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தொகுதி சொன்னால் அச்சை இறக்குவீர்கள்?” என்று நம் பொருளாளர் கேட்டார்.

“நாப்பது. பாதிப் பணம் தையில வேணும்ய்யா. விலையை நாந்தான் சொல்லுவேன்.”

நாற்பது தொகுதிகளுக்கு அவர் விலைப்படி முப்பத்தாறாயிரம் ரூபாய்; தையில் கொடுக்க வேண்டியது பதினெண்ணாயிரம். தீபாவளிச் சரக்குக்கு நூல் வாங்கும் நிதியிலிருந்து இதனைப் பெயர்த்துக் கொடுக்கலாமா என்பதில் நிர்வாகக் குழுவினரிடையே ஒருமித்த கருத்தில்லை. பொம்மை நம் தொழிலன்று என்பாரும் உளர்; சிறு சேலைகளை நாமே நெய்து உடுத்தி, நம் விற்பனைக் கூடத்திலேயே வைக்கலாமென்பாரும் உளர். அடுத்த பொதுக்குழுவில் இது மூன்றாவது பொருளாக வருகிறது. மாறுகண் ஏற்றக்காரனும் அவன் கூட்டாளிகள் அறுவரும் அதுவரை சங்க அலுவலகத்து மேசைமேல் இருப்பார்கள். வருகிற அங்கத்தினர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம்.