மலையும் பட்டியலும்

‘மலையாளி’ என்றவுடன் கேரள நாட்டாரை எண்ணிவிட வேண்டா. ஜவ்வாது மலையில் சாமை விளைத்தும், தேனும் புளியும் திரட்டியும் வாழும் மலையாளிகள் தமிழே பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறினர் என்பது அவர்தம் மரபுரை.

பழங்குடியினரை நாட்டு வாழ்வில் இணைத்தற்பொருட்டு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1957இல் 107ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா 1958இல் அதனை ஏற்றது. ‘இணைத்தல்’ என்னும் அச்சொல்லில், தம்மை இழந்து பிறரைப் போலாதல் என்ற பொருளும் ஒளிந்திருந்தது. அக்குறை நீக்க 1989இல் 169ஆம் உடன்படிக்கை எழுந்தது. அதனை இந்தியா ஏற்றிலது.

உலக மன்றத்தின் சொல் மலையூரை எவ்வாறு எட்டும்? நம் நாட்டில் அது ஒரு பட்டியலின் வழியே வருகின்றது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மலையாளிகளை மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே பழங்குடியினராகக் குறித்தது. வடஆர்க்காடு அதில் உண்டு. ஆதலின் ஜவ்வாது மலை மாணவர் கோட்டாட்சியரிடம் சாதிச் சான்று பெற்று, கல்லூரி இடத்திற்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கோயம்புத்தூரோ அதில் இல்லை. அதினின்று 1979இல் பிரிந்த ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகள், அதே இனப்பெயர் தாங்கியும், அச்சான்று கிட்டாமல் பல்லாண்டுகள் முறையிட்டனர். மாவட்ட எல்லையை மலை அறியுமா என்ன!

ஜவ்வாது மலையின் மலையாளிப் பெண்ணொருவர் உரிமையியல் நீதிபதிப் பணிக்குத் தேர்வு பெற்ற செய்தி 2024இல் வந்தது. பர்கூர் மலையில் பிறந்திருப்பின், அவர் பழங்குடியினர் என அத்தேர்வுக்கு விண்ணப்பித்திருக்க இயலாது.