நீரடியில் கிடைத்த பயணச் சின்னங்கள்

திருத்தலம் சென்று திரும்புவோர் வெறுங்கையுடன் வீடு சேர்வதில்லை. காசியிலிருந்து கங்கைநீரும் வேளாங்கண்ணியிலிருந்து புனித எண்ணெயும் கொணர்தல் இன்றும் நாம் காணும் வழக்கம். இடைக்கால ஐரோப்பாவில் இவ்வழக்கம் ஈயத்தில் உருப்பெற்றது.

இங்கிலாந்தின் கேண்டர்பரிப் பேராலயத்தில் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170ஆம் ஆண்டு கொலையுண்டார். அவரது கல்லறையை நாடி மக்கள் திரண்டனர். கல்லில் செதுக்கிய அச்சில், உருக்கிய ஈயமும் வெள்ளீயமும் கலந்து ஊற்றினால் நொடிப்பொழுதில் ஒரு சின்னம் உருவாகிவிடும். ஏழையும் வாங்கத்தக்க விலை. அதனைத் தொப்பியிலோ மேலாடையிலோ அணிந்து பயணிகள் ஊர் திரும்பினர். இலண்டனில் தேம்சு ஆற்றின்மீது புதுப்பாலம் கட்டப்பட்டபோது (1824–1831), தோண்டிய படுகையிலிருந்து இத்தகைய சின்னங்கள் வெளிப்பட்டன. நன்றிக் காணிக்கையாக ஆற்றில் இடப்பட்டவை என்பர் சிலர். தவறி வீழ்ந்தவை என்பர் வேறு சிலர். அவை அழியாதிருந்தமைக்குக் காரணம் சேறே. காற்றுப் புகாத சேற்றில் ஈயம் மிக மெதுவாகவே அரிபடும்.

நம் சென்னைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, புனித தோமையார் உயிர்நீத்த இடத்துச் செம்மண்ணைப் பயணிகள் எடுத்துச் சென்றதையும், காய்ச்சலுற்றோர்க்கு அதனை நீரில் கலந்து கொடுத்ததையும் எழுதியுள்ளார். கிறித்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் அத்தலத்திற்கு வந்தனர் என்கிறார். நீரில் கரைத்துப் பருகிய மண்ணை எந்த அகழாய்வாளரால் கண்டெடுக்க இயலும்? எழுத்து மட்டுமே அதற்குச் சான்று.

ஆயினும், ஈயம் நம் கடலிலும் பேசியுள்ளது. பூம்புகாருக்கு அப்பால், ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலில், தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் ஈயக்கட்டிகளைக் கண்டனர். அவற்றில் ‘பிளாக்கெட்’ என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அவை வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல, வணிகச் சரக்கு. எனினும், அப்பொறிப்பே கப்பலின் காலத்தைக் கணிக்க உதவியது.

இராயபுரம் என்னும் பெயரிலேயே இராயப்பர், அதாவது பேதுரு, இருக்கிறார். அவர் பெயரிலான ஆலயத்தை எழுப்பியோர் படகோட்டிகள். மீனவர்கள் இன்றும் வலைவீசும் காசிமேட்டில், ஒருநாள் பழங்காலச் சின்னமொன்று வலையில் சிக்கலாம். பித்தளைக் குடம்போல் புளியிட்டுத் துலக்கினால் ஈயத்தின்மீதுள்ள உருவம் தேய்ந்துவிடும். மரப்பெட்டியில் வைத்தாலோ மரத்திலிருந்து கசியும் அமில ஆவி அதனை வெண்பொடியாக்கும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, துலக்காமல் அப்படியே தொல்லியல் துறையினரிடம் ஒப்படைத்தலே முறை.