காரீயத்தின் கதை – 11: அடுப்பில் பிறக்கும் குண்டு

1776 ஜூலை 9. சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட சூட்டோடு நியூயார்க் ஜனங்கள் பவுலிங் கிரீன் திடலுக்குப் போனார்கள். அங்கே குதிரைமேல் வீற்றிருந்த பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். மேலே தங்கப் பூச்சு, உள்ளே காரீயம். வெட்டிய துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிச்ஃபீல்டு என்ற ஊருக்கு, ஆலிவர் வால்காட் என்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதை உருக்கிக் குண்டு வார்த்தவர்கள் சிப்பாய்கள் அல்ல, பெண்களும் பிள்ளைகளும்தான். யார் யார் எத்தனை வார்த்தார்கள் என்ற கணக்கு இன்றும் இருக்கிறது. வால்காட்டின் பதினோரு வயது மகள் மேரி ஆன் 10,790. அவள் அக்கா லாரா 8,378. பத்து வயதுகூட ஆகாத தம்பி பிரெடரிக் 936. அக்கம்பக்கத்தார் வார்த்ததையும் சேர்த்தால் மொத்தம் 42,088.

ஒரு சிறுமி வீட்டில் இருந்தபடியே பத்தாயிரம் குண்டு வார்த்ததற்குக் காரணம் காரீயத்தின் குணம். அது 327 டிகிரியில் உருகிவிடும். விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் ஒரு அச்சும் இருந்தால் போதும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதற்கு உலைக்களம் இல்லாமல் ஆகாது. எடையிலும் காரீயம் இளைத்ததல்ல. ஒரு கன சென்டிமீட்டர் 11.34 கிராம். சீக்கிரம் உருகும், கனமாக இருக்கும், மென்மையாகவும் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் துப்பாக்கியின் வரலாற்றில் பாதி அடுப்படியில் நடந்தது.

நூறு ஆண்டு தள்ளி 1870களுக்கு வருவோம். கான்சாஸ், டெக்சாஸ் புல்வெளிகளில் தோலுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளிய காலம் அது. வேட்டைக்காரர்கள் கையில் ஷார்ப்ஸ் துப்பாக்கி. அதில் அரை அங்குலக் குழல் கொண்டதற்கு 'பிக் ஃபிஃப்டி' என்று பெயர். ஆலையில் செய்த தோட்டாவுக்கு விலை அதிகம், கடையோ பல நாள் பயணத் தொலைவில். அதனால் வண்டியில் காரீயக் கட்டிகளும் மருந்துப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டார்கள். பகலில் சுட்டு வெறுமையான பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, இரவில் தீ மூட்டிக் குண்டு வார்த்து, அதே குப்பிகளை மறுபடி நிரப்பினார்கள்.

அவ்வளவு பெரிய குண்டு எதற்கு? அன்றைக்கு இருந்தது கரிமருந்து. எவ்வளவு கொட்டினாலும் அது குண்டை ஓரளவு வேகத்துக்கு மேல் தள்ளாது. வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால் எடையைக் கூட்டத்தான் வேண்டும். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட '45-70' தோட்டாவின் பெயரிலேயே இது இருக்கிறது: குழலின் அகலம் அங்குலத்தில் நூற்றுக்கு 45, கரிமருந்து 70 கிரெயின். குண்டு 405 கிரெயின், அதாவது 26 கிராம். பெருங்குழல் என்பது வீம்புக்குச் செய்ததல்ல, கரிமருந்தின் குறையை ஈடுகட்ட வந்தது.

1874 ஜூனில் டெக்சாஸின் அடோபி வால்ஸில் பில்லி டிக்சன் என்ற காட்டெருமை வேட்டைக்காரர் 1,538 கஜம் தள்ளி நின்ற பூர்வகுடி வீரர் ஒருவரைக் குதிரையிலிருந்து வீழ்த்தியதை வைத்து ஒரு புராணமே எழுந்தது. டிக்சனோ அது குருட்டு அதிர்ஷ்டம் என்று கடைசிவரை சொன்னார். அந்த அடக்கம் அவரைக் கொண்டாடியவர்களுக்கு இல்லை. 1889இல் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது, கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளில் மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம்தான்.

வேட்டை முடிந்தது, கைவேலை முடியவில்லை. 1884இல் ஜான் பார்லோ நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் கம்பெனி, இடுக்கி மாதிரி ஒரு கருவியை விற்றது. அதன் ஒரு முனையில் குண்டு அச்சு, நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்தவும் குண்டைக் குப்பியில் அமர்த்தவும் வழி. சட்டைப்பைக்குள் ஒரு தோட்டா ஆலை. இன்றும் அமெரிக்காவில் 45-70க்கு வீட்டிலேயே குண்டு வார்க்கிறவர்கள் ஏராளம். கேட்டால் காசு மிச்சம் என்பார்கள். அச்சு, தராசு, அழுத்தும் கருவி எல்லாம் வாங்கிய பிறகு எங்கே மிச்சம்? கைவேலையின் ருசிதான் விஷயம்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம். பானையில் காரீயம் வெள்ளிபோல மினுங்கும்போது ஒரு துண்டு தேன்மெழுகைப் போட்டுக் கிளறுவார்கள். புகை எழும்பி, கசடு சாம்பல் நிறத்தில் மேலே ஒதுங்கும். அதை வழித்து எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஈரம் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய உலோகத்துக்குள் போனால் நொடியில் ஆவியாகிப் பானையையே வெடிப்போடு வெளியே கொட்டிவிடும். அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மேல்தகட்டின் துளை வழியே ஊற்றுவார்கள். மேலே நிற்கும் சிறு குளம் சட்டென்று மங்கி உறையும். மரச்சுத்தியால் தட்டினால் தகடு விலகி வாலை வெட்டும். அச்சைத் திறந்தால் குண்டு துணிமேல் விழும். முதலில் வருபவை முதல் தோசை கதைதான்: அச்சு சூடேறாததால் உடம்பெல்லாம் சுருக்கம். மிதமிஞ்சிச் சூடேறினால் மேனி பனி படர்ந்ததுபோல வெளுக்கும். குண்டின் அடி விளிம்பு மட்டும் கூராக, குறையில்லாமல் இருக்க வேண்டும். மூக்கில் சின்னக் கீறல் இருந்தாலும் குறி பெரிதாகத் தப்பாது; அடியில் ஒரு மூலை மழுங்கினால் குழலை விட்டு வெளியேறும்போது வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டு, குண்டு கோணிக்கொண்டு போகும். அதனால்தான் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, தேறாததை மறுபடி பானையில் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடச் சூட்சுமம் கலவையில் இருக்கிறது. சுத்தக் காரீயம் அச்சின் மூலைமுடுக்கில் சரியாகப் பாயாது. கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் பாயும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்கிற அதே வெள்ளீயம்தான். இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு என்பது கரிமருந்துக்காரர்களின் பழைய கணக்கு. ஆன்டிமனி சேர்த்தால் குண்டு இறுகும். புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குழலோ வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்கிறது. மருந்து வெடித்ததும் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் குண்டின் அடி சற்றே விரிந்து குழலை அடைக்க வேண்டும். குண்டு மிகக் கடினமாகவும் அளவில் சற்றுச் சிறியதாகவும் இருந்தால் விரியாது. சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து குண்டை அரித்து, அந்தக் காரீயத்தைக் குழல் முழுக்கப் பூசிவிடும். மிக மென்மையாக இருந்தாலோ, குழலுக்குள் சுற்றிச் செல்லும் பள்ளங்களைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். அழுத்தத்துக்கு ஏற்ற கடினம் என்பதே பாடம். குண்டின் வரிகளில் தேன்மெழுகும் கொழுப்பும் தடவுவதும் குழலில் காரீயம் படியாமல் இருக்கத்தான்.

1970களில் அமெரிக்க அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கு மாறியபோது, அச்செழுத்து வார்க்கப் பயன்பட்ட லைனோடைப் உலோகம் பழைய இரும்புக் கடைக்கு வந்து குவிந்தது. காரீயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 விழுக்காடு. குண்டு வார்ப்பவர்கள் அதை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். தமிழ் வார இதழ்கள் பல காலம் அச்சானதும் அதன் பங்காளி உலோகத்தில்தான். தலையங்கமாக நின்றிருக்க வேண்டிய எழுத்து இலக்குப் பலகையைத் துளைத்ததைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் வயிற்றெரிச்சலோடு குறித்து வைக்கிறேன்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு கிடையாது. கரிமருந்துக் குப்பியில் காலி இடமே இருக்கக் கூடாது; குண்டின் அடிவரை நிறைந்திருக்க வேண்டும். 1884இல் பிரான்சில் பால் வியேய் கண்டுபிடித்த புகையில்லா மருந்து இதற்கு நேர்மாறு. அதே பெரிய குப்பியில் அது கொஞ்சமே வேண்டும், மீதி வெற்றிடம். கவனப் பிசகாக இரண்டு முறை ஊற்றினாலும் குப்பி வழியாது, கண்ணுக்கும் தெரியாது. துப்பாக்கி வெடித்துச் சிதறும். அதனால் குண்டு அமர்த்துமுன் ஒவ்வொரு குப்பிக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது விதி. போதாக்குறைக்கு, 1873இன் பழைய துப்பாக்கி தாங்கும் அழுத்தம் ஒன்று, இன்றைய துப்பாக்கி தாங்குவது வேறொன்று. இரண்டிலும் ஒரே 45-70 தோட்டா நுழையும். நம்பகமான கையேடுகள் இந்தத் தோட்டாவுக்குத் தனித்தனியாக மூன்று அட்டவணை போடுவதன் காரணம் இதுதான்.

இனி நஞ்சுக்கு வருவோம். வார்ப்புச் சூட்டில் காரீயம் அதிகம் ஆவியாவதில்லை. ஆபத்து கசடுத் தூசியிலும், கழுவாத கையால் சாப்பிடுவதிலும், வெடித்த பிரைமரின் புகையிலும் இருக்கிறது. வார்ப்பவன் கை கழுவினால் தப்பலாம். வேட்டைக்காரன் காட்டில் விட்டுப்போகும் குடலைத் தின்னும் கழுகுக்கு அந்த வசதி இல்லை. சுடப்பட்ட விலங்கின் உடலுக்குள் சிதறிய காரீயத் துணுக்குகளை விழுங்கிச் செத்தவற்றில் முக்கியமானது கலிபோர்னியா காண்டோர். 1987இல் உலகத்தில் மிஞ்சியவை 27, அத்தனையும் கூண்டில். 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த விலங்கை வேட்டையாடவும் காரீயக் குண்டு கூடாது. மாற்று பெரும்பாலும் செம்புக் குண்டுதான், அதை அடுப்பில் வார்க்க முடியாது. வார்ப்புக்காரர்கள் பலருக்கு இந்தச் சட்டத்தின்மேல் கோபம். எனக்கு அவர்கள் கைத்திறன்மேல் மரியாதை உண்டு. ஆனால் சட்டத்தின் பக்கம்தான் நியாயம். இலக்குப் பலகையில் சுடுவதை அது தடுக்கவும் இல்லை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம்.

(தொடரும்)